நூலகத் தேடலைச் சரிசெய்திருக்கிறோம்

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். நம் சபை இணைய நூலகத்தில் 'இயேசு' என்று அடித்தால் வரும் புத்தகம், இதுவரை 'ஏசு' என்று அடித்தால் வராது. இப்போது இரண்டுக்கும் வரும். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடிய கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை வெறும் 'சாஸ்திரி' என்று தேடினாலே போதும். கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்தவர்கள் பழக்கத்தில் 'திருப்பாடல் 23' என்று அடித்தாலும் சங்கீதம் 23 பிரசங்கங்கள் வந்து நிற்கும்.

பழைய ஸ்கேன் புத்தகங்கள்தான் தலைவலி. அவை வெறும் படங்கள். உள்ளிருக்கும் எழுத்து தேடலுக்குத் தெரியாது. படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருளான எழுத்துணரியில் (OCR) போட்டுப் பார்த்தோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'னை', 'லை' எல்லாம் யானைத் தும்பிக்கை போன்ற பழைய வளைவோடு இருக்குமே, அங்கே தடுமாறி 'கீர்த்தனை'யை என்னென்னவோ ஆக்கிவிடுகிறது. அதனால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருளடக்கம் நான்கையும் கையால்தான் அடிக்கிறோம். தமிழில் தட்டச்சு தெரிந்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நூலக அறைக்கு வாருங்கள். காபி உண்டு.

அப்புறம், மெனுவில் இருந்த 'இதர' பிரிவை எடுத்துவிட்டோம். பாதிப் புத்தகங்கள் அதற்குள்தான் ஒளிந்துகிடந்தன. தேடியது கிடைக்காவிட்டால், நீங்கள் அடித்த சொல்லை எழுத்துப்பிழையோடு அப்படியே இங்கே போடுங்கள்.