பேசாமல் இருக்கப் பழக்குகிறேன்

ஊட்டி
ஜனவரி 18

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டியே. வந்திருந்தா தலைக்குந்தாவுல உறைபனி பார்த்திருக்கலாம். விடியற்காலையில புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி கிடக்கு.

என் வேலை என்னன்னு கேட்டிருந்தே. மண்சரிவைக் கவனிக்க ஒரு சரிவுல 14 சென்சார் வச்சிருக்கோம். மண்ணோட ஈரம், வெப்பநிலையை அளந்து ரேடியோ வழியா கேட்வேக்கு, அதாவது எல்லாத் தகவலையும் வாங்கிச் சேர்க்கிற பெட்டிக்கு, அனுப்பணும். முதல் தடவை வச்சப்போ ஆறாம் நாளே ஒண்ணு அடங்கிடுச்சு. பெட்டியைத் திறந்தா உள்ளே எறும்பு முட்டை போட்டு வச்சிருக்கு. அதைத்தான் திட்டினேன், பாவம். உண்மையில பேட்டரிதான் தீர்ந்துபோயிருந்துச்சு. அளக்கிறதுக்கு ஆகிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம்டி. யாராவது கூப்பிடுவாங்களான்னு ரேடியோ காதைத் திறந்து வச்சிருக்கே, அதுக்கே 19 மில்லி ஆம்பியர் கிட்ட ஆகுது. பேசறதுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை அதால வகுத்துப் பாரு, 131 மணி நேரச் சொச்சம், அதாவது அஞ்சரை நாள்! இப்போ நூறு நொடிக்கு ஒரு நொடிதான் முழிக்கும். கணக்குப்படி ஒன்றரை வருஷம் வரணும். ஆனா ஊட்டிக் குளிர்ல ஆல்கலைன் பேட்டரி கணக்குப்படி நடக்காது.

2000-ல அமெரிக்காவோட எம்ஐடிகாரங்க, பேட்டரியை மிச்சம் பிடிக்க லீச்னு (LEACH) ஒரு முறை சொன்னாங்க. சென்சார் குழுவுக்கு ஒரு தலைவர். அது மத்தவங்க தகவலைச் சேர்த்துச் சுருக்கி அனுப்பும். சுமை ஒண்ணு தலையிலேயே விழாம பதவி சுத்தி வரும், நம்ம ஹாஸ்டல் மெஸ் பொறுப்பு மாதிரி. அதுலதான் எங்க டீம் பையனோட எனக்குச் சண்டை. "சராசரியை அனுப்பினாப் போதும்க்கா"ங்கிறான். பதிமூணு இடம் காய்ஞ்சு கிடந்து ஒரு இடம் ஊறிப்போயிருந்தா, சராசரி நல்லாத்தான் இருக்கும். மண்ணு அந்த ஒரு இடத்துலதான் சரியும். 2019 ஆகஸ்ட்ல பக்கத்து அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல மழை கொட்டின ஊரு இது. உச்ச அளவு எது, எந்த சென்சார்னு ரெண்டையும் அனுப்பச் சொல்லிட்டேன். ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்.

வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாத்தான் வாயத் திறக்கணும்னும் வச்சிருக்கேன். முதல் ராத்திரி எல்லாம் கப்சிப். அமைதியா இருக்கா, செத்துப்போச்சான்னு தெரியாம நான்தான் தூங்கல. இப்போ ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா "இருக்கேன்"னு மட்டும் சொல்லும். ஞாயித்துக்கிழமை நீ உங்கம்மாவுக்குப் போடுற போன் மாதிரி.

மாசியிலயாவது வா. வர்றப்போ டவுன்ஹால் ரோட்டுல டபுள் ஏ பேட்டரி 28 வாங்கிட்டு வா. இங்க விலை கேட்டா தலை சுத்துது.

அன்புடன்,
மாலதி