ஆடி பிறப்பதற்குள் சொல்லிவிடு

விளாச்சேரி
ஆனி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பெங்களூரில் மழை என்று தம்பி சொன்னான். ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. போனில் மழை, சாப்பாடு, அப்பாவின் கால் என்று நீயே கேட்டு நீயே முடித்து வைத்துவிடுகிறாய். உன் பூச்சந்தைப் பொம்மைகளை இந்த வருஷக் கொலுவுக்குச் சுட்டு விற்றுப் பார்க்கலாமா என்று நான் கேட்க வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

அந்தப் பொம்மைகளின் அச்சுகள் பரணில் பத்திரமாக இருக்கின்றன. சாக்கில் சுற்றி நானே ஏற்றி வைத்தேன். தம்பி எடுக்க வந்தான். எதற்கு என்று நான் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது நீ செய்த பூக்காரிகளில் ஒருத்தியை மட்டும் அடுக்களை மாடத்தில் வைத்திருக்கிறேன். கால் கட்டைவிரலில் நாரை மாட்டி மல்லிகை கட்டுகிறாளே, அவள். நார் இழுக்கும் பக்கமாக அந்த விரல் லேசாக மடங்கியிருக்கிறது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் எத்தனை நேரம் நின்று பார்த்தாயோ! கல்யாணமாகி வந்த நாள் முதல் தசாவதாரமும் அஷ்டலட்சுமியும் செய்கிறவள் நான். என் கைக்கு அந்த விரல் வராது. உன் அப்பாவுக்கும் வராது. அவரே சொன்னார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

ஆனால் பொம்மை வாங்க வந்த அந்த வியாபாரி, "கொலுவில் இதை எந்தப் படியில் வைப்பார்கள்?" என்று சிரித்ததும் உன் முகம் செத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை எந்த ஊர் சாமி? கிரிக்கெட் செட் எந்தப் புராணத்தில் வருகிறது? அதை வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனவர்தான் உன்னிடம் படிக் கணக்கு கேட்டார். வியாபாரி விற்றதைத்தான் திரும்பக் கேட்பார். அது அவர் பிழைப்பு. அதற்காக நீ ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். தெரிந்த விடைக்கும் கை தூக்க மாட்டாய். பக்கத்துப் பெண் சொல்லிப் பேர் வாங்கிய பிறகு வீட்டுக்கு வந்து அழுவாய்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடை தூக்குகிறவளின் கூடை கெட்டியாக இருக்கிறது. உள்ளே குடையாமல் வைத்தால் சூட்டில் வெடித்துவிடும். அப்பா குடைந்து தருகிறேன் என்கிறார். மண்ணும் இருக்கிறது, தாசில்தார் அனுமதி வாங்கிக் கண்மாயில் எடுத்துச் சலித்து வைத்தாயிற்று. எல்லாம் நன்றாக வரும் என்று தெரிந்த பிறகுதான் வைப்பேன் என்றால் இந்த ஊரில் ஒருவரும் சூளை மூட்ட முடியாது. உன் தாத்தாவின் சூளையிலும் வெடித்திருக்கிறது. வெடித்ததை ஓரமாகக் கொட்டிவிட்டு, மிச்சத்துக்கு வெள்ளை அடிக்க உட்கார்ந்துவிடுவார். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பணத்தை நினைத்துத் தயங்குகிறாயோ என்றும் தோன்றுகிறது. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடன் தருகிறார்கள். அதில் 25 விழுக்காடு மானியம், 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. 35 வயது ஆகியிருக்க வேண்டுமாம், உன் பேரில் ஆகாது. என் பேரில் போட்டுக்கொள்ளலாம். அப்பா அந்தக் காலோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் விசாரித்து வந்தார். சித்தப்பா விஷயம் மாதிரி ஆகிவிடும் என்று பயப்படாதே. அவர் யாரிடம் வாங்கினார் என்பது உனக்கே தெரியும்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சம்பளம் அது பாட்டுக்கு வரட்டும். இந்த வருஷம் ஒரு சூளை, ஒரே ஒரு செட். பூம்புகார் கைவினைக் கடையின் கொலுக் கண்காட்சிக்குக் கேட்டுப் பார்ப்போம். விற்காவிட்டால் நம் வீட்டுக் கொலுவில் எந்தப் படியில் வைப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். வேலையை மட்டும் விடாதே.

ஆடி பிறந்தால் பிள்ளையார் வேலை வந்து வீட்டை அடைத்துக்கொள்ளும். காலெடுத்து வைக்க இடம் இருக்காது. அதற்குள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நிழலில் காய வைப்பது, சுடுவது, வெள்ளை அடிப்பது வரைக்கும் எங்கள் பாடு. கண் மட்டும் நான் எழுத மாட்டேன். சாமிக் கண் எழுதிப் பழகிய கை இது, சந்தையில் பேரம் பேசுகிறவளின் பார்வை இதற்கு வராது. நீதான் வந்து எழுத வேண்டும். ஆவணியில் லீவு கேட்டுப் பார். சதுர்த்தி நெருங்கினால் பஸ்ஸில் இடம் கிடைக்காது, டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: தம்பியிடம் ஒன்றும் கேட்காதே. அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.