அந்தப் பட்டியலை ஒட்டாதே

அன்புள்ள கலை,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. பாபு மாமா கதையை நேரில் சொல்கிறேன், எழுதினால் தீராது.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். போன் பண்ணினால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் வகுப்பில் நீ செய்யப்போகும் சோதனை இதுதானே: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் ஆளுக்கொரு கடலை மிட்டாய். 15 நிமிடம் தின்னாமல் இருந்தால் இன்னொன்று. காத்திருந்தவர், காத்திராதவர் பெயர்ப் பட்டியல் பெற்றோர் கூட்டத்தன்று சுவரில். கலை, அந்தப் பட்டியலை மட்டும் ஒட்டாதே.

ஆன்லைனில் உளவியல் பட்டப்படிப்பு சேர்ந்ததைச் சொன்னேன் அல்லவா? இந்தப் பருவத்தில் ஆய்வு முறைகள் என்று ஒரு தாள். கூடப் படிப்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே அலறுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்துப்போனது. ராத்திரி அடுப்படி வேலை முடிந்து லேப்டாப்பைத் திறந்தால் தூக்கமே வருவதில்லை. எந்த ஆய்வை எடுத்தாலும் அதே கேள்விகள்தான்: யாரை வைத்துச் செய்தார்கள், எத்தனை பேர், எதை அளந்தார்கள், வேறு காரணம் இருக்குமா? பிரபலமான ஓர் ஆய்வை எடுத்து அப்புறம் அது என்ன ஆயிற்று என்று எழுதச் சொன்னார்கள். நான் எடுத்தது நீ மேடைக்கு மேடை சொல்லும் அதே மார்ஷ்மெல்லோ சோதனை: குழந்தை முன்னால் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு மாதிரி மிட்டாய் ஒன்றை வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவது.

உளவியலாளர் வால்டர் மிஷெல் அதைத் தொடங்கியது 1960களின் கடைசியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரியில். வந்த குழந்தைகளில் நிறையப் பேர் அங்கே வேலை பார்ப்பவர்கள், படிப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நிறைய மார்க் வாங்கினார்கள் என்ற 1990ஆம் ஆண்டுக் கட்டுரையும் அவர்களில் சிலரை வைத்து எழுதியதுதான். 2018இல் வாட்ஸ், டங்கன், குவான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி, பட்டம் வாங்காத அம்மாக்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளிடம் காத்திருப்புக்கும் 15 வயதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு பழைய கட்டுரையில் சொன்னதில் பாதிதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

என்னை உலுக்கியது அதுவல்ல. 2013இல் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 28 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை. முதலில் தேய்ந்த கிரேயானைக் கொடுத்து, 'கொஞ்சம் பொறு, புதுசு எடுத்து வருகிறேன்' என்று ஒருவர் போகிறார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வருகிறார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, 'இல்லையாம், இதையே வைத்துக்கொள்' என்கிறார். ஸ்டிக்கரிலும் இதே மாதிரி. அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ. வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். 15 நிமிடம் முழுக்கக் காத்திருந்தவர்கள், வாக்கு காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர், ஏமாந்த 14 பேரில் ஒரே ஒரு குழந்தை.

உன் வகுப்பை நினைத்துப் பார். நாலு பேர் பிடுங்கித் தின்னும் வீட்டில், வைத்த பண்டம் வைத்த இடத்தில் இருக்காது என்று தெரிந்த பிள்ளை உடனே வாயில் போட்டுக்கொண்டால் அது புத்திசாலித்தனம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளையும் அப்படித்தான் செய்யும். நீ சுவரில் ஒட்டப்போவது யாருடைய மன உறுதியை? எனக்கு இதை நினைத்தால் கோபமே வருகிறது.

கூடப் படிப்பவர்களிடம் பத்துக் கேள்வி கேட்கக்கூட நாங்கள் ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். பெயருக்குப் பதில் எண். பிடிக்காவிட்டால் எந்த நிமிடமும் விலகலாம். குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும், பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் கணக்கு சார் கரும்பலகையில் எழுதிய 'தேறாதவர்கள்' பட்டியல் உனக்கும் மறந்திருக்காது. செல்வி அதற்கப்புறம் பள்ளிக்கு வந்தாளா, சொல்லு?

நீ நல்ல டீச்சர். பிள்ளைகளுக்காகத்தான் இதெல்லாம் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நான் லீவு போட்டு வருகிறேன். கேள்விகளை இருவரும் உட்கார்ந்து எழுதுவோம், ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் நானே தயார் பண்ணுகிறேன். வாங்கி வைத்த மிட்டாயை எல்லோருக்கும் கொடுத்துவிடு, ஆளுக்கு இரண்டாக, காத்திருக்கச் சொல்லாமல். கூட்டம் வெள்ளிக்கிழமை என்றாயே, அதற்குள் எனக்குப் பதில் போடு.

உன்,
வசந்தி