வைரஸ் மண்ணிலிருந்தும் வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பயிர்களின் வைரஸ் நோய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் எல்லாம் இருந்தன. மண்ணுக்குள் இருந்தே வைரஸைப் பரப்பும் நூற்புழுவுக்கு (நூல் போன்ற மிகச் சிறிய புழு) ஒரு வரிகூட இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே பட்டது.

நூற்புழு என்றாலே வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் வேர்முடிச்சுப் புழுதான் பலருக்கு நினைவு வரும். அந்தப் புழு வைரஸைக் கடத்துவதில்லை. கடத்துபவை சைபினிமா, லாங்கிடோரஸ், டிரைக்கோடோரஸ் போன்ற வேறு நூற்புழு வகைகள். இவை வேருக்குள் நுழையாமல், வெளியே இருந்தபடியே ஊசி போன்ற வாயுறுப்பால் வேர்நுனியைக் குத்தி உறிஞ்சும். நோயுற்ற வேரிலிருந்து வரும் வைரஸ் புழுவின் வாயூசி, உணவுக்குழல் பகுதிகளின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வேரைக் குத்தும்போது உமிழ்நீரோடு அதற்குள் இறங்கிவிடும். புழு தோலுரித்தால் உட்சுவரும் உரிந்து வைரஸும் போய்விடும். வளர்ந்த புழுவோ தோலுரிப்பதில்லை. அதனிடம் வைரஸ் நெடுநாள் தங்கும். திராட்சை இலையை விசிறிபோல் ஆக்கும் விசிறியிலை வைரஸைச் சைபினிமா இண்டெக்ஸ் என்ற சைபினிமா இனம் பரப்புகிறது என்று 1958-இல் கலிபோர்னியாவில் ஹெவிட், ராஸ்கி, கோஹீன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நிரூபித்தார்கள். செடியே இல்லாத ஈர மண்ணில் 4 ஆண்டுகள் வைத்திருந்த பிறகும் இந்தப் புழுவிடம் அந்த வைரஸ் இருந்ததைப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது.

இது தெரியாமல்தான் நோயுற்ற கொடியைப் பிடுங்கிய குழியிலேயே புதுக் கன்றை நட்டு, அதுவும் நோயுறும்போது நாற்றங்காலைக் குறை சொல்கிறோம். பிடுங்கிய பிறகும் ஆழத்தில் கிடக்கும் வேர்த்துண்டுகள் சில ஆண்டுகள் உயிரோடிருந்து புழுவுக்குத் தீனி போடும். களைகளிலும் சில வைரஸ்கள் தங்கும். இந்த நிலையில் இலைமேல் பூச்சிமருந்து அடித்து என்ன பயன்? நோய் ஒரே இடத்தில் திட்டாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு மெல்ல அகன்றால் முதலில் மண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். நூற்புழு சோதனைக்கு மண் எடுக்கும் முறையைத் தனிக் கட்டுரையாக வெளியிடுங்கள். சத்துச் சோதனைக்கு உலர்த்துவதுபோல் இந்த மண்ணையும் உலர்த்தி அனுப்பினால் புழுக்கள் செத்துவிடும். சோதனையில் ஒன்றும் தென்படாது. திட்டின் ஓரத்தில், வேரை ஒட்டி எடுத்த ஈர மண்ணை, சிறு வேர்களோடு பையில் கட்டி, வெயில் படாமல் விரைவில் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்