வகுப்பில் நீ கவனிக்க வேண்டியவை

அன்பு மகளுக்கு,

உன் தொடக்கநிலை மூன்று வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு, நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றாய். குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்தவள் சொல்கிறேன், கேள்.

முதலில் அவள் அம்மாவிடம் பேசு. ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது இவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள். ஒரு பிள்ளைக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். இன்னொரு பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும். அதைச் சேட்டை என்று நினைத்துத் திட்டிவிடாதே. உடற்கல்வி முடிந்து வரும்போது கூடுதலாகக் கவனி. ரத்தச் சர்க்கரை அளவு 4.0 mmol/L-க்குக் கீழே போனால் உடனே இனிப்பு. சோதிக்க வழியில்லை, ஆனால் சந்தேகம் என்றாலும் கொடு. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் போதும். 15 நிமிடம் கழித்துப் பார். ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடு.

கேன்டீனில் ஏதாவது பானம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. 2022 டிசம்பரில் நம் சிங்கப்பூரில், பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரை வந்த பிறகு பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அந்த நேரத்துக்கு உதவாது. குளுக்கோஸ் மாத்திரையை உன் மேசையிலேயே வை. அவளை அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பாதே, படியிலேயே மயங்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழை.

இவளுக்கு இருப்பது எல்லாருக்கும் தெரியும். யாருக்குமே தெரியாத பிள்ளையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நம் ஊர் வெயிலில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை யார் கவனிக்கிறார்கள்? ஒரு பையன் பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடிக்கிறான், பாடத்துக்கு நடுவே திரும்பத் திரும்பக் கழிவறைக்குக் கேட்கிறான், சில வாரத்தில் சீருடை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றால் அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிடு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலே கிளினிக்கில் தெரிந்துவிடும். கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழவாடை, வேகமான ஆழ்ந்த மூச்சு இருந்தால், வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது. நேரே அவசரப் பிரிவுதான்.

இனிப்பைக் கொடுத்துக் கெடுத்தோமோ என்று அந்தப் பெற்றோர் அழுவார்கள். எத்தனையோ அம்மாக்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். உடலின் எதிர்ப்புசக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது, உங்கள் தப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்.

நீ விடுப்பு எடுத்தால் வரும் ஆசிரியருக்கும் இதெல்லாம் தெரிய வேண்டும், ஒரு தாளில் எழுதி வை. அப்புறம், சனிக்கிழமை வீட்டுக்கு வா. மீட்டரில் எப்படிச் சோதிப்பது என்று காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா