எந்த ஜான் டெய்லர்?

அன்பு மகள் கயலுக்கு,

மாப்பிள்ளை வீட்டு வம்சவரிசை என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 1881 சென்சஸில் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் ஊரில் இருக்கும் வில்லியம் வரைக்கும் எல்லாம் சரி. அவருக்கு அப்பா என்று 1841 சென்சஸிலிருந்து ஒரு ஜான் டெய்லரை ஒட்டியிருக்கிறாயே, அதை மட்டும் அழித்துவிடு. அந்த ஊரில் அந்தப் பெயரோடு பஞ்சாலை வேலையும் பார்த்தவர் ஒருவர் மட்டும் இருந்திருக்க மாட்டார்.

1841 ஏடு தனியாகச் சாட்சி சொல்லாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 35 என்று இருந்தால் 39 ஆகவும் இருக்கலாம். யாருக்கு யார் என்ன உறவு என்பதும் அதில் கிடையாது. உறவும் பிறந்த ஊரும் 1851 முதல்தான் வருகின்றன. ஆனால் ஓல்ட்ஹாம், மான்செஸ்டர் பக்கத்து 1851 ஏடுகளில் பல தண்ணீரில் நனைந்து மங்கிப்போயின. அங்குள்ள குடும்ப வரலாற்றுச் சங்கத்தார் படிக்க முடிந்த பெயர்களைப் பாடுபட்டு எழுத்தெழுத்தாக மீட்டிருக்கிறார்கள். வழக்கமான இணையதளத்தில் பெயர் இல்லையென்றால் அவர்கள் எழுதிவைத்த பிரதியைப் பார்.

முதலில் வில்லியமின் கல்யாணச் சான்றிதழை வாங்கு. 1837 ஜூலை 1க்குப் பிறகு நடந்த கல்யாணங்களில் இரு வீட்டு அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். வயது இருக்க வேண்டிய இடத்தில் ‘நிறைவயது’ என்று மட்டும் இருந்தால், 21 நிறைந்தவர் என்பதற்கு மேல் எதையும் ஊகிக்காதே. அப்பா பெயர் வெற்றாக இருந்தால் பெற்றோருக்குக் கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். அப்போது அம்மாவின் குடும்பப் பெயரில் தேடு.

பிறகு பிறப்புப் பதிவு. காலாண்டு வாரியாக அட்டவணை இருக்கிறது. பதிய 42 நாள் அவகாசம் உண்டு, அதனால் மார்ச்சில் பிறந்தவர் ஜூன் காலாண்டில் வரலாம். பதியாவிட்டால் அபராதம் என்ற சட்டம் 1875இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விட்டுப்போன பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவே கதி. பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகளை வைத்திருக்கும் பொதுப் பதிவகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1837இலிருந்தே இருக்கிறது. அதுதான் உன் கையில் இருக்கும் நல்ல சாவி.

இரண்டு மூன்று வில்லியம்கள் கிடைத்தால் பயப்படாதே. ஒவ்வொருவரையும் இறப்பு அட்டவணையில் தேடு. அங்கே வயதும் இருக்கும். அந்த மில் நகரங்களில் ஐந்து வயதைத் தொடாமலே இறந்த பிள்ளைகள் ஏராளம். செத்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பதும் வழக்கம். இதைப் பார்க்காததால்தான் பலருடைய வம்சவரிசை, மூன்று மாதத்தில் இறந்த குழந்தைக்குப் பேரப்பிள்ளைகளைச் சேர்த்துவைத்திருக்கிறது.

எல்லைகளையும் கவனி. ஓல்ட்ஹாமை ஒட்டிய சாடில்வர்த் அப்போது வேறு கவுண்டி, அதாவது வேறு மாவட்டம்: யார்க்‌ஷயர். அங்கே பிறந்து ஓல்ட்ஹாமில் குடியிருந்தவருக்கு 1841இல் ‘இதே கவுண்டியில் பிறந்தவரா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றிருக்கும். ஏதோ தூர தேசத்துக்காரர் என்று ஒதுக்கிவிடாதே.

ஜானின் கல்யாணம் 1837 ஜூலைக்கு முந்தியதானால் பதிவில் அப்பா பெயர் இராது. மெதடிஸ்ட் குடும்பமாகவே இருந்தாலும், அன்றைய சட்டப்படி அரசு ஏற்ற ஆங்கிலிகன் திருச்சபையின் கோயிலில்தான் கல்யாணம் செய்திருக்க முடியும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் மான்செஸ்டர் பெரிய கோயிலின் ஏட்டைப் பார். சுற்றுவட்டார ஏழைகள் நிறையப் பேர் அங்கேதான் கல்யாணம் செய்தார்கள்.

இன்னொன்று. 1911 சென்சஸ் படிவத்தை வீட்டுத் தலைவரே நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மாப்பிள்ளையின் பூட்டன் எழுதத் தெரிந்தவரானால் அவர் கையெழுத்தையே பார்க்கலாம். கல்யாணமாகி எத்தனை வருஷம், எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கும் அதில் இருக்கும். இறந்தவர்களைத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடி. அந்தக் குழந்தைகளின் பெயர்களையும் உன் படத்தில் எழுது, கண்ணு.

கல்யாணச் சான்றிதழ் வந்ததும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா