ஆள் மாறினால் வழி மாறுமா?

அன்புள்ள ராமநாதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கைக்கு வந்தது. அக்கா மகன் கல்கத்தாவிலிருந்து நேர் விமானத்தில் சீனாவின் குவாங்சௌ நகருக்குப் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். இரு நாடுகளுக்கும் இடையே ஐந்தாண்டுகளுக்கு மேல் நின்றுபோயிருந்த நேர் விமானப் போக்குவரத்து 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. அதையொட்டி, சீனத் தலைமையில் ஆட்கள் மாறினால் பிற நாடுகளுடன் அவர்கள் கொண்டுள்ள உறவும் மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ, நாம் நினைக்கும் அளவுக்கு மாறுவதில்லை என்றே படுகிறது.

சின் காங்கை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பர் இறுதியில் சீன வெளியுறவு அமைச்சரானவர், 2023 ஜூன் 18 அன்று பெய்ஜிங்கில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிளிங்கனுடன் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். ஒரு வாரம் கழித்து இலங்கை வெளியுறவு அமைச்சர் அலி சப்ரியைச் சந்தித்தார். அதன்பின் பொதுவெளியில் அவரைக் காணவில்லை. ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கூட்டத்துக்கு அவர் வராததற்கு உடல்நலக் குறைவு என்று காரணம் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவர் பொரெல் சீனாவுக்கு மேற்கொள்ளவிருந்த பயணமும் தள்ளிப்போனது. செய்தியாளர்கள் விடாமல் கேட்டார்கள். ஆனால் அமைச்சகம் தன் தளத்தில் வெளியிட்ட கேள்வி பதில் தொகுப்பில் அந்தக் கேள்விகளே இல்லை. ஜூலை 25 அன்று காரணம் எதுவும் கூறாமல் அவரை நீக்கிவிட்டு, பழைய அமைச்சர் வாங் யீயையே மீண்டும் அமர்த்தினார்கள்.

இவ்வளவு நடந்தும் கொள்கை இம்மியும் நகரவில்லை. அதே நவம்பரில் ஷி சின்பிங் அமெரிக்காவுக்கே சென்று பைடனைச் சந்தித்தார். அங்கே அமைச்சர் கடை வாசலில் நிற்பவர். கல்லாப் பெட்டி உள்ளே, கட்சியின் மத்திய வெளியுறவு ஆணையத்திடம் இருக்கிறது. அதன் அலுவலகத்தை அப்போதே நடத்திவந்தவர் வாங் யீதான்.

ஆள் மாறியதால் கதவு திறந்ததும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பாதுகாப்பு அமைச்சர் லி ஷாங்ஃபு மீது அமெரிக்கத் தடை இருந்ததால், 2023 ஜூனில் சிங்கப்பூரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டினுடன் முறையான பேச்சுக்குச் சீனா இணங்கவில்லை. லி நீக்கப்பட்டு டாங் ஜுன் வந்த பிறகு, 2024 மே இறுதியில் அதே சிங்கப்பூரில் அந்தச் சந்திப்பு நடந்தது.

நம் நாட்டின் கதையோ நேர்மாறானது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் வேட்டி கட்டிய மோடியும் ஷியும் ஐந்து ரதங்களின் அருகே அமர்ந்து இளநீர் குடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து வியந்தோம். எட்டே மாதத்தில் லடாக் எல்லையின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். 2024 அக்டோபரில் எல்லை ரோந்து குறித்து உடன்பாடு ஏற்பட்டு, இருவரும் ரஷ்யாவின் கசானில் கைகுலுக்கினார்கள். இளநீர், இரத்தம், கைகுலுக்கல் மூன்றும் ஒரே தலைவரின் காலத்தவை. 1979 பிப்ரவரி உங்களுக்கு நினைவிருக்கும்: கதவைத் திறக்க வந்தவர் என்று சீனத் தலைவர் டெங் சியோபிங்கை உலகமே புகழ்ந்துகொண்டிருக்க, நம் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் சீனாவில் இருந்தபோதே அவர்கள் வியட்நாம் மீது படையெடுத்தார்கள். அவர் பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்பிய செய்தியை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் வானொலியில் கேட்டோம்.

ஆகவே, யார் பதவி இழந்தார் என்பதைவிட, அடுத்து யார் என்று சொல்ல முடியாமல் இருப்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2018 மார்ச்சில் அதிபருக்கான இரண்டு பதவிக்கால வரம்பை நீக்கியபோது ஆதரவாக விழுந்தவை 2,958 வாக்குகள், எதிராக இரண்டே இரண்டு. 2027இல் கட்சி மாநாடு கூடவிருக்கிறது. இதுவரை வாரிசு என்று ஒருவரையும் முன்னிறுத்தவில்லை. குவாங்சௌ வியாபாரிகள் இதைப் பற்றி வாய் திறக்கிறார்களா என்று அக்கா மகனிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
சுந்தரம்